கதவு மூடும் முன் சொன்ன பெயர்

நான் வேலை பார்த்த கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவில் போன மாதம் கூரையில் மூன்று கேமராக்கள் பொருத்தினார்கள். படுத்திருக்கும் நோயாளி ஒரு நூலளவு நகர்ந்தாலும் அவை கண்டுபிடித்துக் கதிரைத் தாமாகவே நிறுத்திவிடுமாம். ஓய்வு பெற்றவர்களையும் பார்க்க அழைத்திருந்தார்கள். சமோசா, டீ எல்லாம் ஆனபிறகு, என் இடத்துக்கு வந்திருக்கும் பெண் கேட்டாள்: "மேடம், இதெல்லாம் இல்லாதப்ப பேஷண்ட் நகர்ந்தா எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"படம் எடுத்துப் பாப்போம். மானிட்டர்ல கண்ணு வெச்சிருப்போம்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். சொன்னது பொய் இல்லை. ஆனால் ஒருவர் எதற்காக நகர்ந்தார் என்று கண்டுபிடித்த கதை ஒன்று இருக்கிறது. அதை நான் இதுவரை வீட்டில்கூடச் சொன்னதில்லை.

என் பெயர் ஷமீம். வாணியம்பாடியில் பிறந்தவள். என் தந்தை தோல் தொழிற்சாலையில் ரகம் பிரிப்பவர். பதனிட்ட தோலை வெளிச்சத்தில் விரித்து, எது முதல் தரம், எது மூன்றாம் தரம் என்று விரல் பட்டதுமே சொல்லிவிடுவார். என்னையும் தோல் கம்பெனி ஆபீசில் சேர்க்கத்தான் பார்த்தார். நான் பிடிவாதம் பிடித்து ரேடியோதெரபி டெக்னாலஜி படித்தேன். வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவே நெடுஞ்சாலையோரம் இருந்த ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. அங்கேயே முப்பது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. ஆஸ்பத்திரியின் பெயரை எழுதப்போவதில்லை. இதில் வரும் மற்றவர்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் இந்த வைத்தியத்தைக் 'கரண்ட் வைக்கிறது' என்பார்கள். ஷாக் எதுவும் அடிக்காது, வலிக்கவும் செய்யாது. கனமான சுவர் எழுப்பிய அறையில் நோயாளி தனியாகப் படுத்திருப்பார். நாங்கள் வெளியே வந்து பெரிய கதவை மூடிவிட்டு, வெளியிலிருந்தே மெஷினை இயக்குவோம். உள்ளே நடப்பது மானிட்டரில் தெரியும், இன்டர்காமில் கேட்கும்.

எனக்கு மேலே தலைமை டெக்னீஷியனாக இருந்தவர் சலோமி மேடம். உயரமானவர், குரல் உயர்த்தாதவர். அந்த அறை எப்போதும் ஜில்லென்று இருக்கும். நோயாளியைத் தொடுவதற்கு முன் அவர் இரண்டு உள்ளங்கைகளையும் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். யாரிடமும் 'அசையாதீங்க' என்று சொல்லமாட்டார். "அசையாதேன்னு சொன்னா அப்பதான் மூக்கு அரிக்கும். 'இப்படியே நல்லா இருக்கு'ன்னு சொல்லு, போதும்" என்பார். ஒரே நோயாளி ஒரு மாதமாக வந்துகொண்டிருந்தாலும், தினமும் பெயரையும் அப்பா பெயரையும் கேட்ட பிறகுதான் படுக்கவைப்பார்.

நான் சேர்ந்த இரண்டாம் வருடம், நெமிலிப் பக்கத்திலிருந்து ஒரு நான்கு வயதுக் குழந்தை வந்தது. வயிற்றில் கட்டி. தினமும் கதறும். ஒருநாள் அதைப் படுக்கவைத்துவிட்டு, அறையைச் சுற்றிப் பார்க்க வேண்டியது என் வேலை. அவசரத்தில் ஒரு பார்வை பார்த்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். கதவு மூடியது. மெஷினை இயக்கும் பட்டனுக்குப் போன மேடத்தின் விரல் பாதியில் நின்றது.

"ஷமீம், கொழந்த யாரப் பாத்துச் சிரிக்குது?"

மானிட்டரில் அந்தக் குழந்தை அறையின் மூலையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. ஓடிப்போய்க் கதவைத் திறந்தோம். அலமாரிக்குப் பின்னால் அதன் அம்மா உட்கார்ந்திருந்தாள், சத்தம் வராமல் இருக்க முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு.

மேடம் என்னைத் திட்டவில்லை. அன்று முதல் ஒரு விதி மட்டும் வந்தது. கடைசியாக வெளியே வருபவர் அறையை முழுக்கச் சுற்றவேண்டும். அலமாரிக்குப் பின்னால், படுக்கைக்குக் கீழே, எல்லாம் பார்த்துவிட்டுப் பின்சுவரில் இருக்கும் 'பார்த்தாயிற்று' என்ற பட்டனை அமுக்கவேண்டும். பிறகு வாசலில் நின்று திரும்பி, "உள்ளே யாரும் இல்லை" என்று உரக்கச் சொல்லவேண்டும். அதன் பிறகுதான் கதவு. "வாய் விட்டுச் சொன்னாதான், நெஜமாவே பாத்தியான்னு உனக்கே தெரியும்" என்றார்.

அந்த வார்த்தையை எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேனோ. நோயாளியைத் தவிர வேறு யாரும் இல்லை என்பதுதான் அதன் அர்த்தம். படுத்திருப்பவர் காதில் அது எப்படி விழும் என்று நான் யோசித்ததே இல்லை.

ஏழுமலை வந்தது நான் ஓய்வு பெறுவதற்கு ஐந்து வருடம் முன்பு. ஆம்பூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அறுபது வயது. தோல் தொழிற்சாலையில் கேட் வாட்ச்மேனாக இருந்து நின்றுவிட்டவர். கூடவே மனைவி பச்சையம்மா. மலத்தில் ரத்தம் போனதை மூலம் என்று நினைத்து ஒன்றரை வருடம் நாட்டு மருந்து சாப்பிட்டிருக்கிறார்கள். கடைசியில் குழாய் விட்டுப் பார்த்தபோது மலக்குடலில் புற்றுநோய்.

வழக்கமாக இதற்கு ஆபரேஷன்தான் முக்கியம். ஆனால் மயக்க மருந்து டாக்டர் அவருடைய நுரையீரல் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு ஃபைலை மூடிவிட்டார். பல வருடம் முன்பு தொழிற்சாலையில் விஷவாயு தாக்கியதில் நுரையீரல் இரண்டும் கெட்டுப்போயிருந்தன. வராந்தாவில் பத்து அடி நடந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மயக்கம் கொடுத்துச் செயற்கை மூச்சில் போட்டால், அதிலிருந்து திரும்ப எடுக்க முடியாமலே போகலாம். ஆகவே கத்தி வைக்க முடியாது. மிச்சம் இருந்தது கதிர்வீச்சும், அதோடு சேர்ந்து சாப்பிடும் மாத்திரையும்.

"அறுக்காமலே போவுமா டாக்டர்?" என்று கேட்டார்.

"சிலருக்கு முழுசாவே போயிருக்கு" என்றார் எங்கள் டாக்டர். "போகலைன்னாலும் ரத்தம் நிக்கும், வலி குறையும். இருபத்தெட்டு நாள். சனி ஞாயிறு லீவு. மத்தபடி ஒரு நாள்கூட விடக் கூடாது. நடுவுல விட்டா கட்டி மறுபடி வளர ஆரம்பிச்சிடும்."

முதலில் அவரைக் குப்புறப் படுக்கவைத்துத்தான் திட்டமிட்டோம். வயிற்றுப் பகுதியில் குழி வைத்த பலகை ஒன்று இருக்கிறது. அதில் குப்புறப் படுத்தால் குடல் முன்பக்கம் சரிந்து கதிருக்கு விலகிப்போகும். முகம் வைக்கத் துளை வைத்த தலையணை. ஸ்கேன் எடுக்கும்போது எப்படியோ பல்லைக் கடித்துக்கொண்டு படுத்துவிட்டார். சிகிச்சையின் முதல் நாள் கதவு மூடிய ஐந்தாவது நொடியில், தண்ணீரில் அமுங்குபவர் மாதிரி கையால் துழாவ ஆரம்பித்தார். ஓடிப்போய்த் தூக்கினோம். உதடு நீலமாகியிருந்தது. நுரையீரல்தான் காரணம் என்று நினைத்தோம். மறுபடி ஸ்கேன் எடுத்து, மல்லாக்கப் படுக்கும்படி திட்டத்தை மாற்றினோம். இடுப்பின் இரண்டு பக்கமும் முன்னாலும் மூன்று சின்னப் பச்சைப் புள்ளிகள் குத்தினோம். சுவரிலிருந்து வரும் லேசர் கோடுகள் அந்தப் புள்ளிகளில் விழுந்தால் அவர் சரியான இடத்தில் இருக்கிறார் என்று அர்த்தம்.

பதினொரு மணிதான் அவர் நேரம். பத்து மணிக்கே வந்து, மூத்திரப்பை நிறைய வேண்டும் என்பதற்காக அரை லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டுக் காத்திருப்பார். புள்ளிகளைப் பொருத்துவேன். அறையைச் சுற்றுவேன். பட்டன். "உள்ளே யாரும் இல்லை." கதவு. பிறகு மெஷின் ஒரு சுற்றுச் சுற்றிப் படம் எடுக்கும்.

படத்தில் அவர் இடது பக்கம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தள்ளியிருந்தார்.

உள்ளே போய் மறுபடி பொருத்தினேன். வெளியே வந்து படம் எடுத்தால் மறுபடி இடது பக்கம். அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாளும். நோயாளிகள் நகர்வது சகஜம். ஆனால் ஒருநாள் இப்படி, ஒருநாள் அப்படி நகர்வார்கள். தினமும் ஒரே பக்கம், ஒரே அளவு நகர்ந்து நான் பார்த்ததில்லை. லேசரில் கோளாறு என்று இன்ஜினியரைக் கூப்பிட்டோம். லேசர் சரியாக இருந்தது.

நான்காம் நாள் மேடம் மானிட்டர் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நீ வழக்கம்போலச் செய்" என்றார். செய்தேன். வாசலில் நின்று, "உள்ளே யாரும் இல்லை" என்றேன். கதவு நகர ஆரம்பித்தது. நான் மேடத்தின் பின்னால் வந்து நின்றேன்.

மானிட்டரில் ஏழுமலை தலையை வலது பக்கம் திருப்பினார். பிறகு இடுப்பைக் கொஞ்சம் தூக்கி இடது பக்கம் தள்ளி வைத்தார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார வருபவருக்கு இடம் விடுவோமே, அப்படி.

மேடம் இன்டர்காமின் ஒலியைக் கூட்டினார். மெஷினின் இரைச்சலுக்கு நடுவே அவர் குரல் தணிவாகக் கேட்டது.

"படு. படு. எடம் இருக்குது."

காலை பதினொரு மணி. வெளியே வராந்தாவில் ஆட்கள் டோக்கன் கேட்டுச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அன்று சிகிச்சையை முடித்துவிட்டு, மேடம் அவரை உடை மாற்றும் அறையிலேயே உட்காரவைத்தார். நான் வாசலில் நின்றேன்.

"ஏழுமலை, யாருக்கு எடம் விடறீங்க?"

அவர் என்னைக் காட்டினார். "இந்த சிஸ்டர் தெனமும் உள்ள யாரும் இல்லன்றாங்க மேடம். அதக் கேட்டா எனக்கு ஒரு மாதிரி ஆவுது."

பிறகு சொன்னார். மூச்சு வாங்குவதற்காக நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

இருபது வருடத்துக்கு முன்னால் அவர் வேலை செய்த தொழிற்சாலையில், கழிவுநீர் சேரும் தொட்டி ஒன்று தரைக்கு அடியில் இருந்தது. மேலே இரும்பு மூடி. அடைப்பு எடுக்க இறங்கிய இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். அவர்களைத் தூக்க ஏழுமலை குதித்தார். அவருக்குப் பின்னால் இன்னொருவனும் குதித்தான். முனிரத்தினம் என்று பெயர். ஆலங்காயத்துக்கு அந்தப் பக்கம் மலையடிவாரக் கிராமம். வேலைக்கு வந்து இரண்டே நாள். எந்த ரெஜிஸ்டரிலும் அவன் பெயர் ஏறவில்லை. வாயு இவர்களையும் அடித்தது. ஏழுமலை சேற்றில் குப்புற விழுந்தார். முனிரத்தினம் அவருடைய வலது பக்கம் விழுந்தான்.

"மேலருந்து கயிறு போட்டு மொத ரெண்டு பேர இழுத்தாங்க. எனக்குக் காது கேக்குது, கண்ணு தெறக்க முடியல. சூப்பர்வைசர் எட்டிப் பாத்து 'உள்ள யாரும் இல்லப்பா, மூடு'ன்னான். நான் இருக்கேன்னு சொல்லணும். வாய் வர்ல. மூடி உழுந்த சத்தம் கேட்டுச்சு. அப்புறம் வெளிய ஒரு ஜோடி செருப்பு ஜாஸ்தியா கெடக்குதுன்னு எவனோ கத்தி, மறுபடி தெறந்து என்ன மட்டும் தூக்கனாங்க. அவன் வெறுங்கால்ல வந்தவன். ஆஸ்பத்திரில கண்ணு முழிச்சதும் முனிரத்தினம் எங்கன்னு கேட்டேன். எந்த முனிரத்தினம்னாங்க."

"அப்புறம்?"

"சூப்பர்வைசர் வந்தான். மூணு பேருதான் எறங்கனீங்க, ரெண்டு பேரு செத்துட்டாங்க, நீ பொழச்சிக்கினே, ஊடு போய்ச் சேர்ற வழியப் பாருன்னான். நான் திரும்பிப் போறப்ப தொட்டிய மண்ணப் போட்டு மூடி, மேல சிமென்ட் போட்டுட்டு இருந்தாங்க. எனக்கு கேட்ல ஒக்கார்ற வேல குடுத்தாங்க. பதினோரு வருஷம். நாற்காலில ஒக்காந்தா அந்த சிமென்ட் தெரியும். ரெண்டு பசங்க மேடம். இந்த நெஞ்ச வெச்சிக்கினு வேற எவன் வேல குடுப்பான்? நான் வாயத் தெறக்கல."

மூச்சு வாங்கிவிட்டு மறுபடி சொன்னார்.

"அவன் மூச்சு என் காதுல பட்டுக்கினே இருந்துச்சு. அது எப்ப நின்னுச்சுன்னு எனக்குத் தெரியாது. நான் வெளிய வந்தப்ப நிக்கல."

"இங்க கதவு மூடறப்ப வந்து படுக்கறான். பலக ரெண்டு பேருக்குப் பத்தல" என்றார் ஏழுமலை, ஏதோ எங்கள்மேல் குறை சொல்லக் கூச்சப்படுகிறவர் மாதிரி.

அவர் போனபிறகு மேடத்திடம், "மனநல டாக்டர்கிட்ட அனுப்பலாமா?" என்று கேட்டேன்.

"அனுப்பணும். இன்னிக்கே எழுதறேன். ஆனா நாளைக்குப் பதினோரு மணிக்கு அவர் படுத்தாகணும். நீ அந்த வார்த்தைய இனிமே சொல்லாத. சுத்திப் பாரு, பட்டன அமுக்கு. அது மெஷினுக்கு. வாயால, உள்ள யார் இருக்காங்களோ அவங்களச் சொல்லு."

"ஏழுமலை இருக்கார்னா?"

"ரெண்டு பேரையும்."

"முனிரத்தினம் இல்லையே மேடம்."

"உனக்கு நிச்சயமாத் தெரியுமா?" என்று கேட்டார். கிண்டல் இல்லை. உண்மையாகவே கேட்டார்.

மறுநாள் புள்ளிகளைப் பொருத்தினேன். சுற்றி வந்தேன். அலமாரிக்குப் பின்னால் பார்த்தேன். பட்டனை அமுக்கினேன். வாசலில் நின்று திரும்பினேன்.

"உள்ளே ஏழுமலை இருக்கார். முனிரத்தினம் இருக்கார்."

"ஆமா" என்றார் ஏழுமலை படுத்தபடியே.

கதவு மூடியது. படம் எடுத்தோம். புள்ளிகள் அச்சு மாறாமல் இருந்தன. ஒரு மயிரிழைகூட நகரவில்லை.

அதன் பிறகு தினமும் அப்படித்தான். சிகிச்சை ஒழுங்காக நடந்தது. ஆனால் நான் ஒழுங்காக இல்லை. யாரும் இல்லை என்று உறுதி கொடுக்கும் பட்டனை அமுக்கிவிட்டு, அடுத்த நிமிடமே வாயால் ஒருவர் இருக்கிறார் என்கிறேன். இருக்கிறார் என்று சொல்லிவிட்டுக் கதவை மூடுகிறேன். என் கை தன்னையறியாமல் படுக்கையின் வலது பக்கத்து விரிப்பை இழுத்துச் சரிசெய்ய ஆரம்பித்தது. ஏழுமலைக்கு அடுத்து வரும் நோயாளிக்கு அறையைச் சுற்றும்போது அலமாரிக்குப் பின்னால் இரண்டு தடவை பார்ப்பேன்.

இன்டர்காமில் அவர் சில நாள் மெல்லப் பேசுவார். மழையைப் பற்றி, ஊரில் யாரோ கட்டிய வீட்டைப் பற்றி. ஒரு வரி பேசுவார், நிறுத்துவார், பிறகு தொடர்வார். அந்த இடைவெளிகள் எதிராளி பதில் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு இருந்தன. என்னோடு வேலை பார்த்த பையன் ஒலியைக் குறைத்துவிடுவான். நோயாளி கூப்பிட்டால் கேட்கவேண்டுமே என்று நான் கூட்டிவைப்பேன்.

மூன்றாவது வாரம் பச்சையம்மா என்னை வராந்தாவில் நிறுத்தினார். "சிஸ்டர், தப்பா நெனச்சிக்காதீங்க. கதவு மூடறப்ப ரெண்டு பேரு பேர் சொல்றீங்களே. இவரோட சேத்து இன்னொருத்தருக்கும் கரண்ட் வெக்கிறீங்களா? அந்த ஆளு வெளிய வந்து நான் பாக்கவே இல்லியே."

"அவரையே கேளுங்கம்மா" என்றேன்.

நான்காவது வாரம் உடம்பு அவரைப் படுத்த ஆரம்பித்தது. இந்தச் சிகிச்சையில் எல்லோருக்கும் வருவதுதான்: தொடை இடுக்கில் தோல் கருத்துப் புண்ணானது, அடிக்கடி வயிற்றுப்போக்கு, மூத்திர எரிச்சல். வெதுவெதுப்பான தண்ணீரில் உட்காரச் சொல்லி, களிம்பு கொடுத்தோம். ரத்தம் மட்டும் நின்றிருந்தது. அதில் அவருக்கு நம்பிக்கை வந்திருந்தது.

அந்த வாரம் ஒரு புதன்கிழமை கதிர்வீச்சுப் பாதுகாப்பை ஆய்வு செய்ய இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். மேடம் விடுப்பில் இருந்தார். சரியாகப் பதினொரு மணிக்கு இருவரும் என் பக்கத்தில் வந்து நின்றார்கள். இரண்டு பெயர் சொன்னால், இன்னொருவர் எங்கே என்று கேட்பார்கள். என்ன பதில் சொல்வது? வெட்கமாக இருந்தது. "உள்ளே ஏழுமலை இருக்கார்" என்று மட்டும் சொல்லிக் கதவை மூடினேன்.

படம் சரியாக இருந்தது. கதிரை ஆரம்பித்தேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. மானிட்டரில் அவர் எழுந்து உட்கார்ந்தார். நிறுத்தும் பட்டனை அடித்தேன். கதவு திறக்க எடுத்துக்கொண்ட நேரம் முழுவதும் நான் மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு உயரமான படுக்கையிலிருந்து இறங்கி, சுவரைத் தடவிக்கொண்டே நடந்தார். அலமாரிக்குப் பின்னால் பார்த்தார். குனிந்து படுக்கைக்குக் கீழே பார்த்தார். நான் தினமும் எந்த வழியாகச் சுற்றுவேனோ அதே வழி, அதே வரிசை.

"எங்கடா போனே? டேய், எங்கடா?" என்று இன்டர்காமில் கேட்டது.

உள்ளே ஓடினேன். மூச்சு கிடைக்காமல் பின்சுவரில் சாய்ந்திருந்தார். ஆக்சிஜன் வைத்தோம். முகமூடியை விலக்கிவிட்டு என்னிடம் சொன்னார்: "நீங்க கூப்புடல. அவன் உள்ள வர்ல."

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் அவர் வரவில்லை. போனை எடுக்கவில்லை. அடுத்து சனி, ஞாயிறு. இவ்வளவு நாள் விட்டால் இதுவரை கொடுத்ததும் வீணாகலாம் என்று டாக்டர் கவலைப்பட்டார். சனிக்கிழமை நான் பஸ் ஏறி அவர் வீட்டுக்குப் போனேன்.

கதவைத் திறந்த பச்சையம்மாவின் கண்கள் வீங்கியிருந்தன. "எல்லாத்தையும் சொல்லிட்டாரு சிஸ்டர். முப்பத்திரெண்டு வருஷம் குடும்பம் நடத்திக்கினு இருக்கறேன், இப்பதான் சொல்றாரு."

ஏழுமலை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "மன்னிச்சிடுங்க. ஆபீசருங்க முன்னாடி கூச்சப்பட்டுட்டேன்" என்றேன்.

"விடுங்க சிஸ்டர். நானும் வாயத் தெறக்காம விட்டவன்தான்."

பச்சையம்மா முடிவெடுத்துவிட்டிருந்தார். "திங்கக்கெழம வர்றோம். நீங்க ரெண்டு பேரையும் கூப்புடணும். கரண்ட் முடிஞ்சி இவுரு எழுந்து நடமாடனா, ஆலங்காயத்துப் பக்கம் போறோம். அவுங்க வீட்டுக்கு ஒரு சேதி போவணும் இல்ல?"

அதன் பிறகு ஒரு நாளும் விடவில்லை. விட்ட நாள்களையும் சேர்த்து இருபத்தெட்டையும் முடித்தோம். கடைசி நாள் மேடமும் நானும் அவரை இறக்கிவிட உள்ளே போனோம். செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்வரை நடந்தவர், திரும்பி நின்றார்.

"மேடம், கொஞ்ச நேரம் கதவ மூடாதீங்க. அவனும் வெளிய வரட்டும்."

அடுத்த நோயாளி காத்திருந்தார். மேடம், வழியில் நின்றிருந்த என் தோளைப் பிடித்துச் சுவரோரம் நகர்த்தினார். தானும் நகர்ந்துகொண்டார். நாங்கள் மூன்று பேரும் வழிவிட்டு, அந்தக் காலி அறையைப் பார்த்தபடி நின்றோம். ஐந்து நிமிடம் இருக்கும். ஏசியின் காற்று கதவு வழியாக வெளியே வந்து எங்கள் கால்களில் பட்டுக்கொண்டிருந்தது. பிறகு ஏழுமலை தலையை ஆட்டிவிட்டு நடந்தார்.

மூன்று மாதம் கழித்துக் குழாய் விட்டும் ஸ்கேன் எடுத்தும் பார்த்தார்கள். கட்டி இருந்த இடத்தில் வெளுத்த தழும்பு மட்டும் இருந்தது. டாக்டர் அதை இரண்டு தடவை பார்த்தார். அதன் பிறகு ஏழுமலை மூன்று வருடம் இருந்தார். புற்றுநோய் திரும்பி வரவே இல்லை. கடைசியில் அந்த நுரையீரல்தான் அவரைக் கொண்டுபோனது.

அவர் இறந்து இரண்டு மாதம் கழித்துப் பச்சையம்மா வந்தார். அப்போது சலோமி மேடம் ஓய்வு பெற்றிருந்தார். பச்சையம்மாவுடன் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் இருந்தாள். முனிரத்தினத்தின் மகள் அமுதா.

"மூணு தடவ அலைஞ்சி வீட்டக் கண்டுபுடிச்சோம்" என்றார் பச்சையம்மா. "இந்தப் பொண்ணு எங்கள வாசல்லயே நிக்க வெச்சிக் கத்தி அனுப்பிடுச்சி."

அமுதா தலை குனிந்தபடி பேசினாள். "எங்கப்பா பெங்களூர்ல வேற குடும்பம் வெச்சிக்கினு போய்ட்டார்னு ஊரே பேசுச்சி. எங்கம்மா அதையே சொல்லிச் சொல்லித்தான் செத்தாங்க. திடீர்னு ஒரு பெரியவர் வந்து வேற கதை சொன்னா எப்படி நம்பறது? இப்ப அவரும் போய்ட்டாருன்னு கேள்விப்பட்டேன். மனசு கேக்கல. நான்தான் இவங்களத் தேடிப் போனேன். எதுலயாவது எழுதி வெச்சிருக்குதா மேடம்?"

பச்சையம்மாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, டாக்டரின் அனுமதியோடு ஏழுமலையின் ஃபைலை எடுத்தேன். அதில் தினசரி சிகிச்சை அட்டை இருந்தது. ஒவ்வொரு நாளும் தேதி, அளவு, கையெழுத்து. ஓரத்தில் குறிப்பு எழுத ஒரு கட்டம். அதை யாரும் நிரப்புவதில்லை. நானும் பார்ப்பதில்லை. அன்றுதான் பார்த்தேன். மேடத்தின் கையெழுத்தில், ஐந்தாம் நாளிலிருந்து, ஒவ்வொரு கட்டத்திலும் எழுதியிருந்தது: 'உடன் இருந்தவர்: முனிரத்தினம்.'

அமுதா விரலை வைத்து வரி வரியாக வந்தாள். ஒரு கட்டம் காலியாக இருந்தது. விரல் அங்கே நின்றது.

"இந்த நாள் எழுதலியே?"

"அன்னிக்கு நான் அவர் பேரைக் கூப்பிடல" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். விரலை அடுத்த கட்டத்துக்கு நகர்த்தினாள்.

ஃபைலின் அடியில், நுரையீரல் பற்றித் தெரிந்துகொள்ள டாக்டர் வாங்கிவைத்த பழைய ஆஸ்பத்திரிச் சீட்டின் நகல் இருந்தது. விஷவாயு தாக்கி ஏழுமலையைச் சேர்த்த நாள் அதில் தெளிவாக இருந்தது. அமுதா அதைப் படித்தாள்.

"இதுதான் அந்த நாளா?"

"இதுதான்."

பிற்பாடு அவள் அந்தச் சீட்டின் நகலோடு மனு கொடுத்தாள். தொழிற்சாலை எப்போதோ கைமாறிவிட்டது. மனு என்ன ஆனது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அன்று அவளுக்கு வேண்டியிருந்தது வேறு.

"எங்கப்பாவுக்கு நாங்க ஒரு தடவகூடத் திதி குடுத்ததில்ல. உயிரோட இருக்கறவருக்கு எப்படிக் குடுக்கறதுன்னு அம்மா விடல. தேதி கெடச்சிருச்சி. திதி என்னன்னு பஞ்சாங்கத்துலதான் தேடணும்."

"தேட வேணாம்மா" என்றார் பச்சையம்மா. "எனக்குத் தெரியும். அன்னிக்கு சாயங்காலம் வாசல்ல நின்னு மூணாம் பொற பாத்தேன். கும்புட்டுட்டு உள்ள கால் வெக்கறேன், ஆள் ஓடியாந்து சொல்றான், உன் ஊட்டுக்காரரு தொட்டில உழுந்துட்டாருன்னு. எப்படி மறக்கும்?"

அமுதா என் மேஜையிலிருந்த பேனாவை எடுத்தாள். நான் காகிதம் கொடுத்தேன், வாங்கவில்லை. இடது உள்ளங்கையில் தேதியை எழுதி, அதன் கீழே 'மூணாம் பிறை' என்று எழுதினாள். இருவரையும் பஸ் நிறுத்தம்வரை கொண்டுபோய் விட்டேன். மை ஈரமாக இருந்தது. பஸ் வரும்வரை அவள் அந்தக் கையை மூடாமலே வைத்திருந்தாள்.